விரைவு எண்ணெய் வடிப்பு வால்வு

விரைவு எண்ணெய் வடிப்பு வால்வு என்பது உள்ளெரி பொறியில் உள்ள பழைய மசகெண்ணெயைக் கருவிகளின் உதவியின்றி வடித்தெடுப்பதற்குப் பயன்படும் ஒரு சிறிய வால்வு ஆகும். பொறியின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் வழக்கமாக இருக்கும் வடிப்பு மரையாணியை அகற்றிவிட்டு, அதே துளையில் இவ்வால்வு நிலையாகப் பொருத்தப்படுகிறது. தமது வாகனத்தின் எண்ணெயைத் தாமே மாற்றிக்கொள்வோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். பார ஊர்திகளிலும், மின்னாக்கிகளிலும், சிறு வானூர்திகளிலும் இத்தகைய வால்வுகள் உள்ளன. எண்ணெய் சிந்தாமல் வேலையை முடிப்பது இதன் முதன்மைப் பயன். அதே வேளை, ஓடும்போது வால்வு தற்செயலாகத் திறந்துகொண்டால் பொறி முற்றாகப் பழுதடையக்கூடும். ஆதலால் பூட்டும் அமைப்பும் பொருத்தும் இடமும் இதில் சிறப்புக் கவனம் பெறுகின்றன.

பின்னணி

பொறி இயங்கும்போது மசகெண்ணெயில் கரித்தூள், உலோகத் துகள்கள், எரியாத எரிபொருள், நீர் ஆகியவை சேர்கின்றன. எண்ணெயில் கலக்கப்பட்டுள்ள சேர்க்கைப் பொருட்களும் நாளடைவில் தேய்ந்து போகின்றன. இதனால் தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியில் எண்ணெயை மாற்ற வேண்டியுள்ளது.

வழக்கமான முறையில் வடிப்பு மரையாணியை ஸ்பேனரால் தளர்த்தி, இறுதிச் சுற்றுகளைக் கையால் கழற்ற வேண்டும். ஆணி விடுபட்ட கணத்திலேயே சூடான எண்ணெய் விசையுடன் பீறிட்டு வெளியேறி, கையிலும் தரையிலும் படுகிறது. ஆணி எண்ணெய் ஏந்தும் கலத்தினுள் விழுவதும் உண்டு.

எண்ணெய் பாயும் வேகம் துளைக்கு மேல் உள்ள எண்ணெய் மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. டொரிசெல்லியின் விதிப்படி, 10 செ.மீ. உயரத்துக்கு இவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் ஆகும். எண்ணெயின் பாகுநிலை காரணமாக உண்மையான வேகம் இதிலும் குறைவு. துளை பக்கவாட்டில் இருந்தால் எண்ணெய் முதலில் தொலைவில் விழும். மட்டம் தாழத் தாழ அருகில் விழும். கலத்தை ஒரே இடத்தில் வைத்திருந்தால் எண்ணெய் வெளியே சிந்துவது இதனாலேயே.

அமைப்பும் செயற்பாடும்

பரவலாக உள்ள வடிவம் பித்தளையால் ஆன பந்து வால்வு ஆகும். இதன் உட்பகுதியில் குறுக்கே துளையிடப்பட்ட ஒரு சிறு பந்து உள்ளது. கைப்பிடியைக் கால் சுற்று, அதாவது 90 பாகை திருப்பும்போது பந்தின் துளை எண்ணெய்ப் பாதையுடன் நேராகி, எண்ணெய் வெளியேறுகிறது. மீண்டும் திருப்பினால் பாதை அடைபடும்.

மூடிய நிலையில் கைப்பிடி ஒரு வெட்டினுள் அமர்ந்திருக்கும். சுருள்வில் ஒன்று அதனை அங்கேயே அழுத்தி வைக்கிறது. திறப்பதற்கு முதலில் கைப்பிடியை வில்லின் விசைக்கு எதிராக நகர்த்தி வெட்டிலிருந்து விடுவித்து, அதன் பின்னரே திருப்ப வேண்டும். இவ்வாறு இரண்டு வெவ்வேறு அசைவுகள் தேவைப்படுவதால், அதிர்வினால் மட்டும் வால்வு திறந்துகொள்வது தடுக்கப்படுகிறது. கைப்பிடி அசையாமல் இருக்க மேலதிகமாகக் கவ்வி மாட்டுவதும் உண்டு.

வால்வின் திருகுபுரி வாகனத்தின் துளைக்குப் பொருந்த வேண்டும். எடுத்துக்காட்டாக, டொயோட்டா மகிழுந்துகள் பலவற்றில் எம்12 × 1.25 அளவும், ஓண்டா மகிழுந்துகள் பலவற்றில் எம்14 × 1.5 அளவும் உள்ளன. இதில் முதல் எண் புரியின் வெளிவிட்டத்தையும், இரண்டாம் எண் அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலுள்ள தொலைவையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன.

வகைகள்

* கைப்பிடி வகை: மேலே விளக்கப்பட்ட பந்து வால்வு. ஜப்பானின் ஃபுமோட்டோ நிறுவனத்தின் வால்வுகள் இவ்வகையின. குழாய் மாட்டுவதற்கான முனை உள்ளவை, முனை இல்லாத குட்டையானவை என இரு வடிவங்களில் கிடைக்கின்றன.
* இணைப்பி வகை: இதில் கைப்பிடி இல்லை. வால்வை ஒரு மூடி மறைத்திருக்கும். மூடியைக் கழற்றி, குழாயுடன் கூடிய இணைப்பியைத் திருகும்போது அது உள்ளே உள்ள வில் தடுப்பைத் தள்ளித் திறக்கிறது. இணைப்பியை எடுத்தவுடன் வால்வு தானாக மூடிக்கொள்ளும். செருமனியின் ஸ்டால்புஸ், அமெரிக்காவின் வால்வோமேக்ஸ் ஆகியவை இவ்வகையைத் தயாரிக்கின்றன.
* தள்ளிப் பூட்டும் வகை: செஸ்னா 172 போன்ற, உந்துதண்டுப் பொறி கொண்ட சிறு வானூர்திகளில் காணப்படுவது. மேலே தள்ளித் திருப்பினால் திறந்த நிலையில் நிற்கும்.

எண்ணெய் மாற்றும் முறை

1. பொறியைச் சில நிமிடங்கள் இயக்கி நிறுத்த வேண்டும். இளஞ்சூடான எண்ணெய் எளிதில் வடியும். கழிவுத் துகள்களும் அதனுடன் வெளியேறும். நெடுந்தொலைவு ஓடிய பொறியின் எண்ணெய் 90 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கக்கூடுமாதலால், அது ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.
2. வாகனம் சமதரையில், கைத்தடை இடப்பட்டு நிற்க வேண்டும். உயர்த்துவது தேவையானால் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் செல்லுதல் உயிருக்கு இடரானது.
3. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்துவிட்டால் காற்று உட்புகுந்து எண்ணெய் சீராக வடியும்.
4. வால்வின் முனையில் குழாயை மாட்டி, மறுமுனையை மூடியுள்ள கலத்தினுள் விட்டு, வால்வைத் திறக்க வேண்டும்.
5. வடிந்து முடிந்ததும் வால்வை மூடி, கைப்பிடி வெட்டினுள் அமர்ந்துள்ளதா எனப் பார்த்து, கவ்வி இருப்பின் அதனை மாட்ட வேண்டும்.
6. எண்ணெய் வடிகட்டியை மாற்றி, குறிப்பிட்ட அளவு புதிய எண்ணெயை ஊற்றி, பொறியைச் சிறிது நேரம் இயக்கி நிறுத்த வேண்டும். பின்னர் கசிவு உண்டா என்பதையும், அளவுகோலில் எண்ணெய் மட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பயன்கள்

எண்ணெய் குழாய் வழியாக நேரே கலத்தை அடைவதால் கை, உடை, தரை ஆகியவை அழுக்காவதில்லை. நீண்டகாலம் திரும்பத் திரும்பத் தோலில் பட்ட பழைய பொறி எண்ணெய், ஆய்வக விலங்குகளில் தோற் புற்றுநோயை உண்டாக்கியுள்ளது. ஆகவே தோலில் எண்ணெய் படாதிருப்பது தூய்மைக்காக மட்டுமன்றி உடல்நலத்துக்காகவும் வேண்டப்படுகிறது.

மற்றொரு பயன் திருகுபுரியின் பாதுகாப்பு. அலுமினிய எண்ணெய்த் தொட்டிகளில் ஆணியை ஒவ்வொரு முறையும் கழற்றி அளவுக்கு மீறி முறுக்கினால் புரி சிதைந்துவிடும். வால்வை ஒருமுறை பொருத்தியபின் அப்புரி தொடப்படுவதில்லை. சோதனைக்காகச் சிறிதளவு எண்ணெய் எடுப்பதும், மிகையாக ஊற்றிய எண்ணெயைக் குறைப்பதும் எளிதாகின்றன.

குறைபாடுகளும் இடர்களும்

வால்வு எண்ணெய்த் தொட்டியின் அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால், கல்லோ வேகத்தடையோ மோதி அது உடையலாம். எண்ணெய் முழுவதும் வெளியேறிய பின்னும் பொறி தொடர்ந்து ஓடினால், வணரித்தண்டின் தாங்கிகள் உராய்ந்து சிறிது நேரத்தில் இறுகிவிடும். எனவே தாழ்வான வாகனங்களிலும், கரடுமுரடான பாதைகளில் செல்லும் வாகனங்களிலும் பொருத்துமுன் தரை இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். அடிக்காப்புத் தகடு கைப்பிடியில் உரசாதிருக்க வேண்டும்.

வானூர்தித் துறை இவ்விடரை விதியாகவே கையாளுகிறது. போக்குவரத்து வகை வானூர்திகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி ஒழுங்குவிதிகளின் 25.1021 ஆம் பிரிவு, எண்ணெய் வடிப்பு வாய் ஒவ்வொன்றும் மூடிய நிலையில் உறுதியாகப் பூட்டப்படும் அமைப்பைக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது.

வால்வின் துளை சிறியதாதலால் எண்ணெய் மெதுவாக வடியும். 12 மி.மீ. விட்டமுள்ள துளையின் பரப்பு ஏறத்தாழ 113 சதுர மி.மீ.; 8 மி.மீ. துளைக்கு இது 50 சதுர மி.மீ. மட்டுமே. வால்வின் புரிப்பகுதி தொட்டியினுள் நீட்டியிருந்தால், அந்த உயரத்துக்குக் கீழ் உள்ள சிறிதளவு எண்ணெயும் படிவும் தங்கிவிடும். வடிகட்டியைக் கழற்றும்போது சிந்தும் எண்ணெயையும் வால்வு தடுப்பதில்லை.

பழைய எண்ணெயை அகற்றுதல்

சிந்தாமல் வடித்த எண்ணெயைப் பின்னர் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் வால்வினால் சுற்றுச்சூழலுக்குப் பயனில்லை. ஒருமுறை மாற்றிய எண்ணெயே, அதாவது ஒரு கேலன் அல்லது ஏறத்தாழ 3.8 லிட்டர், பத்து லட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்தக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறிப்பிடுகிறது.

மறுபுறம், பழைய எண்ணெயைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அதே முகமையின் கணக்கின்படி, 2.4 லிட்டர் மசகெண்ணெயைப் பெற 159 லிட்டர் கச்சா எண்ணெய் தேவைப்படுகிறது. பழைய எண்ணெயாயின் 3.8 லிட்டர் போதும். அமெரிக்காவில் உதிரிப்பாகக் கடைகள் பலவும் பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்கின்றன. குளிர்விப்பு நீர்மம், தடை எண்ணெய், பெட்ரோல் ஆகியவை கலந்த எண்ணெய் மறுசுழற்சிக்கு ஏற்றுக்கொள்ளப்படாமல் போகலாம் என்பதால், அதனைத் தனிக் கலத்தில் மூடி வைத்துக் கொடுக்க வேண்டும். குழாய் வழியாக மூடிய கலத்தை அடையும் எண்ணெயில் பிற பொருட்கள் கலக்கும் வாய்ப்பும் குறைவு.

இவற்றையும் பார்க்க

* உள்ளெரி பொறி
* மசகெண்ணெய்
* எண்ணெய் வடிகட்டி
* பந்து வால்வு
* மறுசுழற்சி