மன்னித்த தகப்பன் சொத்தை மறுபடி பிரிக்கவில்லை

எதைச் செய்தாலும் கடவுள் மன்னித்துவிடுவார் என்றால், தப்புச் செய்ய எதற்குப் பயப்பட வேண்டும்? கிறிஸ்தவத்தைப் பார்த்துப் பலரும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. விடை தேட நல்ல இடம் லூக்கா 15ஆம் அதிகாரம். வரி வசூலிக்கும் ஆயக்காரரோடும் பாவிகளோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று யூத மதப் பிரிவினரான பரிசேயர் முறுமுறுத்தபோது இயேசு சொன்ன கதை அங்கே இருக்கிறது. தகப்பன் உயிரோடிருக்கும்போதே பாகம் வாங்கிக்கொண்டு போன இளைய மகன், தூர தேசத்தில் எல்லாவற்றையும் அழித்துப் பன்றி மேய்க்கிறான். அவனை ஊர் திரும்ப வைத்தது முதலில் பசிதான். கதை அதை மறைக்கவில்லை. தகப்பனிடம் சொல்ல வேண்டியதையும் முன்னதாகவே யோசித்து வைத்துக்கொள்கிறான். ஆனால் அவன் வாய் திறக்குமுன்பே தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். கூலிக்காரனாகவாவது வைத்துக்கொள்ளும்படி கேட்க நினைத்தது சொல்லப்படாமலே போகிறது. மனந்திரும்பியதற்குக் கிடைத்த கூலியாக இந்த மன்னிப்பைக் கணக்கெழுத முடியாது.

அதே கதையில், பிரசங்கங்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் ஓர் இடமும் உண்டு. கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் மூத்தவனிடம், தனக்குள்ளதெல்லாம் அவனுடையதே என்கிறார் தகப்பன். உபாகமம் 21இன்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. இளையவன் தன் ஒரு பங்கை ஏற்கெனவே தொலைத்தாயிற்று. அவனுக்கு மோதிரமும் விருந்தும் உண்டு, பிள்ளை என்ற உரிமையும் உண்டு. புதிய பாகம் கிடையாது. உறவு மீண்டது, இழப்பு இழப்பாகவே நின்றது. லூக்கா 19இல் வரும் ஆயக்காரன் சகேயுவும் இப்படித்தான்: இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன பிறகே, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். அன்பு முந்திக்கொள்கிறது, திருத்தம் பின்னால் வருகிறது. அந்தத் திருத்தம் வரவே வேண்டாம் என்று நினைப்பதைத்தான் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று சாடினார். பிறரை மன்னிக்காதவருக்கு மன்னிப்பில்லை என்று மத்தேயு 6 சொல்வது நிபந்தனைதானே என்று கேட்கலாம். மத்தேயு 18இல் வரும் கடன்காரனின் கதை இதற்கு ஓரளவு பதில் தருகிறது: பெருங்கடன் முதலில் தள்ளுபடியாகிறது, சக ஊழியனின் சிறுகடனுக்காக அவன் கழுத்தை நெரித்த பிறகே எஜமானின் கோபம் வருகிறது. இந்த முரண் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

பாதிக்கப்பட்டவருக்கு நீதி எங்கே என்பதுதான் இவற்றினும் கனமான ஆட்சேபம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பும் திமோத்தேயுவும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக மனைவி கிளாடிஸ் சொன்னார். யாரும் அவரை நெருக்கிப் பெற்ற மன்னிப்பு அல்ல அது. அப்படிப் பெறுவதற்கு எந்தச் சபைக்கும் உரிமையும் இல்லை. மன்னிப்பதையும் குற்றத்துக்கான தண்டனையையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை. வழக்கு அதன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளியான தாரா சிங்குக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது; 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கணவரும் மகன்களும் போன பிறகும் கிளாடிஸ் ஒடிசாவிலேயே தங்கி, 2004 வரை தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார்.