சென்னைக் கரையிலிருந்து மணிலாவுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இசுப்பானியக் குடியேற்றங்கள் மீது நடத்திய படையெடுப்புகளைக் கற்போர் கியூபாவையே முதலில் நினைப்பர். அவற்றுள் ஒன்று சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டது என்பதனைப் பாடநூல்கள் ஒரு வரியிற் கூறி அமைகின்றன.

1762 சனவரியில் பிரித்தானியா இசுப்பானியாவின் மீது போர் சாற்றியது. 1758-59இல் லாலியின் முற்றுகைக்கு எதிராகச் சென்னைக் கோட்டையைக் காத்தவருள் ஒருவரான வில்லியம் டிரேப்பர், மணிலாவைக் கைப்பற்றும் ஆணையுடன் இலண்டனிலிருந்து சென்னைக்கு மீண்டார். மணிலாவோ சீனப் பட்டும் மெக்சிக்கோ வெள்ளியும் கைமாறிய செல்வச் சந்தை. ஆயினும் கம்பெனியார் தயங்கினர். புதுச்சேரி வீழ்ந்து ஒன்றரை ஆண்டே கழிந்திருந்த நிலையில், கரையைக் காவலின்றி விட அவர் அஞ்சினர். எனவே டிரேப்பருக்குக் கிடைத்தது ஒரு கலவைப் படையே: 79ஆம் ரெசிமெந்து, பீரங்கிப் படையினர், ஏறத்தாழ 600 சிப்பாய்கள், தொப்பாசிகள், பிரெஞ்சுப் படையை விட்டகன்றோர். கடற்படைத் தலைவர் சாமுவேல் கோர்னிஷ் தம் மாலுமிகளையும் உதவினார்.

இவ்விடத்து இலங்கையர் கருதத்தக்கது ஒன்றுண்டு. அதே ஆண்டில் சென்னைக் கம்பெனியார் யோன் பைபஸ் என்பாரைக் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனிடம் தூதனுப்பினர். ஒல்லாந்தரோடு பொருதுகொண்டிருந்த மன்னன் துணையை நாடினான். பேச்சோ பயனின்றி முடிந்தது. மணிலாவுக்குக் கப்பல் விடுத்தோர் கண்டிக்கு வெறுஞ்சொல்லையே விடுத்தனர்.

தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைக்கொண்டு கப்பல்கள் மலாக்கா வழியாகச் சென்று, செப்டெம்பர் 23ஆம் நாள் மணிலாக் குடாவை அடைந்தன. போர் மூண்ட செய்தியே அந்நகருக்கு எட்டியிருக்கவில்லை! ஆளுநர் பொறுப்பை வகித்தவர் மனுவேல் ரோகோ என்னும் பேராயர், படைத்தொழில் அறியாதவர். மறுநாள் அலைகள் படகுகளை மோதியுடைக்க, துமுக்கிகள் நனைய, படை மலாத்தேயில் இறங்கியது. தென்மேற்குக் கொத்தளத்தைப் பீரங்கிகள் பிளந்தன. அக்டோபர் 6ஆம் நாள் நகர் வீழ்ந்தது, கொள்ளையும் நடந்தது.

நகரைக் கொள்ளையினின்று காக்க 40 இலட்சம் வெள்ளி நாணயம் தருவதாகப் பேராயர் உடன்பட்டார். அதிற் பாதிக்கு அவர் எழுதிக் கொடுத்த உண்டியலை மாட்ரிட் அரசு ஏற்க மறுத்தது. நகருக்கு வெளியே சிமோன் தெ அந்தா என்பார் எதிர்ப்புப் படை திரட்டியமையால், சென்னையிலிருந்து ஆளுநராகச் சென்ற டோசன் டிரேக்கின் ஆணை மதிற்புறத்தே சிறிது தூரமே செல்லிற்று. ஆங்கிலேயர் வென்றது ஒரு நகரை, தீவுகளை அன்று.

1763 பெப்ருவரியில் பாரிசு உடன்படிக்கை கையெழுத்தானபோது மணிலா வீழ்ந்த செய்தி ஐரோப்பாவை எட்டியிருக்கவில்லை. அறியப்படாத வெற்றிகள் ஈடின்றித் திருப்பித் தரப்படும் என்பது அதன் விதி. எனவே 1764இல் நகர் இசுப்பானியரிடம் மீண்டது.

டிரேப்பர் இங்கிலாந்தின் கிளிப்டனில் தம் மாளிகைக்கு மணிலாவின் பெயரையே இட்டு, 79ஆம் ரெசிமெந்தினருக்கு நினைவுச்சின்னமும் எழுப்பினார். சிப்பாய்களுட் சிலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கயிந்தா என்னும் ஊரில் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கினர். தம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தோர் என்னும் வழக்கு அவ்வூரார் சிலரிடை இன்றும் உளது.