நல்ல சூனியக்காரியும் ஒரு மாமியாரும்

சூனியக்காரி என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கூன் முதுகு, வளைந்த மூக்கு, துடைப்பக்கட்டை. நல்ல சூனியக்காரி உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 1900-இல் அமெரிக்க எழுத்தாளர் எல். ஃப்ராங்க் பாம் எழுதிய ஓஸ் நாட்டு மந்திரவாதி கதையில் வடக்கே ஒருத்தி, தெற்கே ஒருத்தி என நல்லவர்கள் இருவர் உண்டு. தெற்கை ஆளும் கிளிண்டாதான் சிறுமி டாரதிக்கு வீடு திரும்ப வழி சொல்கிறாள். எல்லோரும் அஞ்சும் ஆண் மந்திரவாதியோ வெறும் ஏமாற்றுக்காரன்!

இந்தத் துணிச்சல் பாமுக்கு எங்கிருந்து வந்தது? மாமியாரிடமிருந்து என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் பெயர் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் (1826–1898). அடிமை ஒழிப்புக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் பாடுபட்டவர். 1893-இல் வெளியான தம் நூலில், ஐரோப்பாவில் சூனியக்காரி என்று கொல்லப்பட்ட பெண்கள் பலர் மூலிகையும் வைத்தியமும் அறிந்தவர்கள். அவர்களுடைய அறிவைக் கண்டே அதிகாரம் பயந்தது என்று வாதிட்டார். மாண்டவர்கள் 90 லட்சம் என்று அவர் சொன்னது மிகை. இன்றைய வரலாற்றாசிரியர்கள் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதில் மாற்றமில்லை.

கேஜின் மகள் மாட் 1882-இல் பாமை மணந்தார். அம்மாவுக்கு முதலில் சம்மதமில்லை. பின்னாளில் மகள் வீட்டில் நெடுநாள் தங்கினார். சிகாகோவில் அந்த வீட்டிலேயே கண்மூடினார். இரண்டே வருஷத்தில் ஓஸ் கதை வந்தது. மதத்தை எதிர்த்துப் பேசியதால் சொந்த இயக்கத்தாரே அவரை ஒதுக்கினார்கள். பெண் விஞ்ஞானிகளின் உழைப்பு ஆண்களின் பெயருக்குப் போவதை 1993-இல் மார்கரெட் ராசிட்டர் 'மட்டில்டா விளைவு' என்று அழைத்தது இவர் நினைவாகத்தான்.

நமக்கு இது புதுசா? நம்மூர்ப் பாட்டிகள் பயமுறுத்தச் சொல்லும் பழையனூர் நீலியை, ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி என்ன செய்கிறது? சமண முனிவரைப் பயமுறுத்த வந்த பேய், அவர் அசையாததைக் கண்டு அவரிடமே பாடம் கேட்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பிற சமய அறிஞர்களை வாதில் வெல்கிறாள். கிளிண்டாவுக்குப் பல நூற்றாண்டு முந்தியவள் இவள். ஆனாலும் நம் குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது பேய் மட்டுமே, வாதாடிய பெண் வரவில்லை.

இது வெறும் கதை விஷயம் இல்லை. ஒருத்தியை சூனியக்காரி என்று சொல்லி அடிப்பதும் ஊரைவிட்டு விரட்டுவதும் இந்தியாவின் பல பகுதிகளில் இன்னும் நடக்கிறது. நாம் வாழும் மகாராஷ்டிரத்தில், பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் புணேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் சூனிய ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் ஏழு வருஷம் வரை சிறை உண்டு. சட்டம் குற்றம் நடந்தபின் வருகிறது; கதை அதற்கு முன்பே குழந்தையின் காதில் விழுந்துவிடுகிறது. நெருள் வீடுகளில் இரவு கதை சொல்லும் அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும் நீலியின் மறுபாதியையும் சேர்த்தே சொல்லலாமே!