தை, மாசிப் பனியில் பிள்ளைகளுக்கு வரும் இருமல்: மூச்சை எண்ணிப் பார்ப்பது எப்படி?



தை பிறந்ததிலிருந்து நம் மஹல்லாவில் சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இருமல் சத்தம் ஓயவில்லை. விடியக்காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். இந்த 2026இல் ரமலானும் மாசியில்தான் வருகிறது. சஹருக்கு வீட்டில் விளக்கு எரிந்தால் பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். அதற்கு முன்பாக ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு காரியத்தை இந்த இதழில் எழுதுகிறோம்.

பிள்ளைகளுக்கு வரும் சளி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் அது நெஞ்சில் இறங்கி நிமோனியாவாக மாறுகிறது. எது சாதாரணச் சளி, எது நிமோனியா என்று இருமல் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூச்சின் வேகத்தை வைத்துச் சொல்லலாம். ஒரு கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் இருந்தால் எந்தத் தாயும் இதைப் பார்க்கலாம்.

இந்த மாதங்களில் ஏன் அதிகம்?

பனியில் நின்றதால்தான் சளி பிடித்தது என்போம். உண்மையில் சளியைக் கொண்டுவருவது கிருமி. பனிக்குப் பயந்து கதவு, சன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுக்கும்போது அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதாகத் தொற்றுகிறது.

நம் பகுதியில் புகையும் தூசியும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. பனிக்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும். புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கிவிடும். விறகடுப்பில் சீமைக்கருவேல் எரிகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கரிமூட்டம் போடுவதும் உண்டு. மக்காச்சோளம், உளுந்து, மல்லி எல்லாம் அறுவடையாகி அடிக்கும் காலமும் இதுதான் என்பதால் களத்துத் தூசியும் பறக்கிறது. வீட்டுக்குள் அடுப்புப் புகையில் வளரும் குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வியாழன் இரவு சாம்பிராணி போடுவதும், குளிப்பாட்டிய கைக்குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதும் நம் வழக்கம். மணத்துக்காகப் போடுவதைப் பிள்ளை இல்லாத அறையில் போட்டு, புகை அடங்கிய பிறகு பிள்ளையைக் கொண்டுவரலாம். குழந்தையின் தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினாலே போதும், ஈரம் போய்விடும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை கட்டுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் வீட்டுக்குள் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மூச்சு ஏன் வேகமாகிறது?

நம் நுரையீரல் மிகச் சிறிய காற்றுப் பைகளால் ஆனது. நிமோனியா வந்தால் அந்தப் பைகளில் சில நீராலும் சீழாலும் நிரம்பிவிடுகின்றன. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் பிராணவாயு குறைகிறது. அதை ஈடுகட்டக் குழந்தையின் உடம்பு அடுத்தடுத்து வேகமாக மூச்சை இழுக்கிறது. காய்ச்சல் கொதிக்காத பிள்ளைக்கும் இப்படி ஆகலாம்.

இந்த அடையாளத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் நம் தமிழ்நாட்டு மருத்துவர்களும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருமலோடு வந்த குழந்தைகளைப் பரிசோதித்து, மூச்சை எண்ணுவதன் மூலமே நுரையீரல் தொற்றைப் பெருமளவு கண்டுகொள்ளலாம் என்று 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் கிராமச் செவிலியர்களுக்குக் கற்றுத்தரும் முறை இதுதான்.

எண்ணுவது எப்படி?

பிள்ளை அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போதும், பால் குடிக்கும்போதும், ஓடியாடி வந்த உடனேயும் எண்ணினால் கணக்கு தவறாகும். சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு, வெளிச்சத்தில் வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் ஒரு நிமிடத்துக்கு நேரம் வைத்துக்கொண்டு முழு 60 விநாடியும் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. சிறு குழந்தைகள் நின்று நின்று மூச்சு விடுவார்கள்.

ஒரு நிமிடத்தில் கீழ்க்கண்ட எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு:

பிறந்தது முதல் 2 மாதம் வரை: 60
2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50
ஒரு வயது முதல் 5 வயது வரை: 40

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் ஒருமுறை எண்ணிப் பழகுங்கள். அப்போதுதான் உடம்பு சரியில்லாத நாளில் வித்தியாசம் தெரியும். வேகமான மூச்சு என்று கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும், "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளக் கூடாது. ஆரம்பத்தில் வந்தால் பல பிள்ளைகளுக்கு வாய்வழி மருந்திலேயே குணமாகிவிடும். அந்த மருந்தை மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். மிச்சம் இருந்த பழைய மருந்தை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எண்ணிக்கொண்டிராமல் கிளம்ப வேண்டிய நேரம்

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால், உதடு நீலம் பாய்ந்தால், அமைதியாக இருக்கும்போதே மூச்சில் கரகரவென்று சத்தம் வந்தால், பால், தண்ணீர் எதையும் குடிக்க முடியாமல் போனால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால் உடனே புறப்பட வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், உடம்பு ஜில்லென்று ஆனாலும், பால் குடிப்பது குறைந்தாலும் அதே அவசரம்தான்.

108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். நம் ஊருக்கு ஒரு பக்கம் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை. மறு பக்கம் விருதுநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. வழியில் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போகலாம். மூச்சுத் திணறும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

வீட்டு வைத்தியத்தில் எது சரி?

நம் நன்னிமார்கள் சொல்லும் எல்லாமே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம், தொண்டைக்கு இதமாக இருக்கும். கற்பூரவள்ளிச் சாற்றில் கலந்து கொடுப்பதும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரும், காரம் குறைந்த ரசமும், நோன்புக் கஞ்சியும் நல்லவை. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் நோய் நிவாரணம் இருப்பதாகக் குர்ஆன் கூறுவதை நாம் அறிவோம். ஆனாலும் தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியைத் தாங்கும் பக்குவம் பச்சிளங் குழந்தையின் குடலுக்கு இன்னும் வந்திருக்காது. அந்தக் கிருமியின் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடலாம். எந்த மருந்துக்கும் வயது உண்டு.

மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா உண்டாக்கும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு வயதுக்குள் தடவ வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். ஆவி பிடிக்க வைத்த கொதிநீர் கவிழ்ந்தால் பிள்ளை வெந்துபோகும். தொக்கம் எடுக்கத் தொண்டையில் விரல் விடுவதும், ஆறு மாதத்துக்குள் உரை மருந்து கொடுப்பதும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே உணவும் மருந்தும்.

ஓதி ஊதுவதை யாரும் தடுக்கவில்லை. ஓதிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள்.

கடையில் வாங்கும் இருமல் சிரப்

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசு சோதித்தபோது அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 விழுக்காடு. அதையடுத்து, இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அதே ஆண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று அதே பாட்டிலை வாங்காதீர்கள். காய்ச்சல் மருந்தும் பிள்ளையின் எடைக்குத் தக்க அளவில்தான் கொடுக்க வேண்டும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தடுப்பூசியும் தாயின் நோன்பும்

நிமோனியாவை உண்டாக்கும் முக்கியமான இரண்டு கிருமிகளுக்கு அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. ஒன்று, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி. இது 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படுகிறது. மற்றொன்று, 2021 முதல் தமிழ்நாட்டில் போடப்படும் நிமோகாக்கல் தடுப்பூசி. இதை 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் போட வேண்டும். தட்டம்மைக்குப் பின்னும் நிமோனியா வரும் என்பதால் அந்த ஊசியையும் விடக் கூடாது. புதன்கிழமைகளில் தடுப்பூசி போடுகிறார்கள். அட்டையை எடுத்துப் பார்த்து, விட்டுப்போனது இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். சிலர் ஊசி என்றால் தயங்குகிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டுதான் போகிறார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

பால் கொடுக்கும் தாய், நோன்பு வைத்தால் தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்யலாம். ஃபித்யா உண்டா என்பதை அவரவர் மத்ஹபுப்படி இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அந்தத் தாயைக் குத்திப் பேச வேண்டாம். இருமும் பிள்ளையைத் தராவீஹுக்குக் கூட்டிவராமல் வீட்டிலேயே தூங்க விடுங்கள்.

முடிவை யார் எடுப்பது?

நம் வீடுகளில் பல ஆண்கள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்கிறார்கள். நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சிரைக்கும்போது தாய் முதலில் கணவருக்குப் போன் செய்கிறார். அவர் வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார். மாமியார் விடியட்டும் என்பார். கையில் பணம் இருக்காது. நிமோனியா வந்த பிள்ளைக்கு இந்தச் சில மணி நேரம் மிகப் பெரியது.

ஆகவே அத்தாமார்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். "பிள்ளைக்கு மூச்சு வேகமாக இருந்தால் என்னைக் கேட்க வேண்டாம், கிளம்பிவிடு" என்று இன்றைக்கே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அதை உங்கள் தாயாருக்கும் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாயைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துத் தனியாக எடுத்து வையுங்கள். துணைக்கு ஆள் இல்லாத வீட்டார் எந்த நேரமானாலும் பள்ளிவாசலில் முஅத்தின் அவர்களிடம் தகவல் சொன்னால், அறக்கட்டளையிலிருந்து ஒருவர் உங்களோடு வருவார். பணத்துக்காகத் தயங்க வேண்டாம். ஜமாஅத்தார் தரும் சதகா இப்படிப்பட்ட இரவுகளுக்காகத்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மேலே உள்ள மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளை படுக்கும் இடத்துக்கு அருகே ஒட்டிவையுங்கள். நம் பிள்ளைகள் அனைவரும் நலமாக ரமலானை அடைய அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
அறக்கட்டளை நிர்வாகிகள் சார்பாக,
பாலவனத்தம்