ஒரே பக்கம், ஒரே தாளம்: பாடகர் குழுவின் கையில் டேப்லெட்

ஞாயிறு திருப்பலிக்குமுன் பாடகர் குழு கூடும் மூலையைச் சற்று நோக்குவோமாயின், நம் பங்குகளின் பாடல் வரலாறு முழுவதும் அங்கே சிதறிக் கிடக்கக் காணலாம். அட்டை கிழிந்த பாடல் நூல்கள், சைக்ளோஸ்டைல் காலத்துப் பழுப்பேறிய தாள்கள், ஒளிநகல்கள், பள்ளி நோட்டில் கையால் எழுதிய பல்லவிகள்! ஒருவர் தாளில் மூன்று சரணங்கள் இருக்கும். அடுத்தவர் தாளில் இரண்டே இருக்கும். காணிக்கைப் பாடலின் எண்ணை ஒருவர் மெல்லச் சொல்ல, புதிய பதிப்பில் அந்த எண்ணில் வேறு பாடல் உள்ளதென்று மற்றவர் மறுப்பார். இதற்குள் கீபோர்டு தொடங்கிவிடும்.

இந்த மூலைக்குள்தான் இப்போது டேப்லெட் எனப்படும் பலகைக் கணினி நுழைந்துள்ளது. நூற்றுக்கணக்கான பாடல்களை அது ஒன்றே சுமக்கிறது. மங்கிய விளக்கொளியிலும் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும், ஐவரிடம் ஐந்து டேப்லெட்டுகள் இருந்து, ஐந்திலும் ஐந்து பக்கங்கள் திறந்திருப்பின் பழைய குழப்பம் புதிய உடை அணிந்து வந்ததேயன்றி வேறில்லை. ஆகவேதான் இளைஞர் சிலர், இக்கருவிகளைக் கம்பியின்றி இணைத்து ஒரே நேரத்தில் பக்கம் திருப்பவும், ஒரே தாளத்தில் இயங்கவும் செய்ய இயலுமா என வினவுகின்றனர். இயலும். ஆனால் இயல்வது அனைத்தும் திருப்பலிக்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி.

முதலாவது, பக்கத்தைப் பற்றிக் கூறுவோம். இது நம் திருச்சபைக்குப் புதிய எண்ணமன்று. முற்காலத்தில் ஐரோப்பியப் பேராலயங்களின் பாடகர்கள் ஆளுக்கொரு நூலை ஏந்தி நிற்கவில்லை. உயர்ந்த தாங்கி ஒன்றில் வைத்த ஒரே பெரிய நூலைச் சூழ்ந்து நின்றே அனைவரும் பாடினர். பல அடி தொலைவிலிருந்தும் படிக்கத்தக்கவாறு, எழுத்துகளும் சுரக் குறிகளும் அதில் மிகப் பெரிதாக வரையப்பட்டிருந்தன. தோலில் எழுதி, கனத்த மரப்பலகைகளால் கட்டப்பட்ட அத்தகைய நூல்கள் எசுப்பானியப் பேராலயங்களில் இன்றும் காக்கப்படுகின்றன. ஒருவர் தாளைத் திருப்பினால் அனைவருக்கும் திரும்பியது. அச்சு நூல் மலிந்தபின் அந்த ஒருமை மறைந்தது. இன்று டேப்லெட்டுகளின் இணைப்பு அதே பெரிய நூலை வேறு வடிவில் மீட்டுத் தருகிறது என்போம்.

இதற்கான செயலிகள் உள்ளன. ஐபேடு வைத்திருப்போர் பயன்படுத்தும் ஃபோர்ஸ்கோர் என்னும் செயலியில் ‘கியூ’ என்றொரு வசதி உண்டு. ஆண்டிராய்டு டேப்லெட்டுகளில் மொபைல்ஷீட்ஸ் என்னும் செயலி இவ்வாறே டேப்லெட்டுகளை இணைக்கிறது. ஒன்று தலைமைக் கருவியாகிறது; மற்றவை பின்செல்கின்றன. தலைவர் பாடலை மாற்றினாலோ, பக்கத்தைத் திருப்பினாலோ, பின்செல்வோர் திரையிலும் அப்பக்கமே தோன்றும். இணைப்பின் வழியே ஓடும் செய்தி மிகச் சிறியது. ‘இந்தப் பாடல், இந்தப் பக்கம்’ என்பதுவே அது. ஆகையால் எல்லாக் கருவிகளிலும் ஒரே கோப்புகளை, ஒரே பெயரில், முன்னதாகவே ஏற்றி வைத்தல் நலம். சனிக்கிழமை மாலைப் பயிற்சியின் முதற்பகுதியை இதற்கென ஒதுக்கும் குழுவுக்கு ஞாயிறன்று இடர் குறையும். மேலைநாட்டு இசைக்குழுக்களும் இவ்வழியை நாடின. பிரசல்ஸ் பில்ஹார்மோனிக் என்னும் பெல்ஜிய நாட்டு இசைக்குழு 2012ஆம் ஆண்டிலேயே தாள்களை விடுத்து டேப்லெட்டுகளைப் பார்த்து வாசித்துக் காட்டியது.

(இடையே ஒன்று சொல்லவேண்டும். ஒரு பாடல் நூலை வாங்கி, அதன் பக்கங்களைப் படமெடுத்துப் பதினைந்து கருவிகளில் ஏற்றுவது எளிது. ஆனால் அப்பாடலை இயற்றியவரும், இசையமைத்தவரும், அச்சிட்டவரும் அந்நூலின் விற்பனையை நம்பியிருக்கலாம். இசைவு பெற்றுச் செய்வதே நேர்மை.)

இனித் தாளத்திற்கு வருவோம். இங்குதான் பொருள் சற்று நுட்பமாகிறது. வெவ்வேறு நிறுவனத்து இசைக்கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கான பொது மொழி 1983இல் உருவாயிற்று. ‘மிடி’ என்பது அதன் பெயர். ஜப்பானியரான இக்குதாரோ காக்கேஹாஷி, அமெரிக்கரான டேவ் ஸ்மித் ஆகிய இருவரும் அதன் பிறப்பில் பெரும்பங்கு கொண்டனர். 2013இல் அதற்கென கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருதும் பெற்றனர். மிடி முறையில் ஒரு கருவி தலைமை ஏற்று, ஒவ்வோர் அடிக்கும் 24 துடிப்புகளை அனுப்பும். ஏனைய கருவிகள் அவற்றை எண்ணி நடைபோடும். முதலில் கம்பிவழிச் சென்ற இது, பின்னர் ப்ளூடூத் வழியாகவும் செல்லலாயிற்று.

2016இல் பெர்லின் நகரத்து ஏபிள்டன் நிறுவனம் ‘லிங்க்’ என்னும் மற்றொரு முறையை வெளியிட்டது. ஒரே வைஃபையில் உள்ள செயலிகள், இணையத் தொடர்பு இல்லாமலே, வேகத்தையும் அடியின் தொடக்கத்தையும் தம்முள் ஒத்துக்கொள்ள இது உதவுகிறது. பாட்டொலியையோ பக்கத்தையோ இது ஏந்திச் செல்வதில்லை; காலத்தை மட்டுமே பகிர்கிறது. ஒரு கருவி இடையில் அணைந்தாலும் மற்றவை நிற்கா. அது மீண்டும் வந்து சேர்ந்துகொள்ளலாம். இதில் தலைவர் என ஒருவரும் இல்லை என்பதே இதன் சிறப்பு. யார் வேகத்தை மாற்றினும் அனைவருக்கும் மாறும். மேடைக் கலைஞர்க்கு இது வசதி. பத்து இளைஞர் கூடிய பாடகர் குழுவிலோ, ஒருவர் விரல் தவறிப் பட்டால் ‘தூயவர்’ பாடல் நடுவே ஓட்டமெடுக்கும்! வேகத்தைத் தொட ஒருவருக்கே உரிமை என்று முன்னரே முடிவு செய்தாலன்றி இதனை ஆலயத்தில் பயன்படுத்தாதிருப்பதே அறிவுடைமை.

கருவிகள் ஒத்திசைந்தாலும் ஆலயம் ஒத்திசைய வேண்டுமே! ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எனவே பீடத்தருகே எழும் தாளம், 34 மீட்டர் தள்ளிப் பின்வாசலில் நிற்பவர் செவிக்கு விநாடியில் பத்திலொரு பங்கு பிந்தியே சேரும். நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட பாடலில் ஓர் அடியின் நீளம் அரை விநாடியே. அப்படியாயின் பின்வரிசை ஓர் அடியில் ஐந்திலொரு பங்கு பின்தங்குகிறது. ‘மக்கள் இழுத்துப் பாடுகின்றனர்’ என்று பாடகர் குழு குறைகூறுவதுண்டு. அதில் ஒரு பகுதி மக்களின் குற்றமன்று, காற்றின் இயல்பு. எந்தச் செயலியும் இதனைத் தீர்க்காது. பாடகரும் கருவி இசைப்போரும் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதே மருந்து. தாள ஒலியைக் காதில் கேட்டு வாசிப்போர், கம்பியுள்ள காதொலிப்பானையே அணிவாராக. ப்ளூடூத் காதொலிப்பானில் ஒலி பிந்தி வருவது வழக்கம். அந்தப் பிந்துதல் பின்வாசலின் தாமதத்திற்குச் சற்றும் இளைத்ததன்று.

இவையெல்லாம் கருவியின் செய்தி. திருச்சபை என்ன கூறுகிறது? 1958 செப்டம்பர் 3 அன்று, பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், திருச்சடங்குப் பேராயம் திருஇசை பற்றிய ஓர் அறிவுரையை வெளியிட்டது. தானே இயங்கும் ஆர்கன், கிராமபோன், வானொலி, ஒலிப்பதிவுக் கருவி ஆகியன பாடகரின் பாடலுக்கோ இறைமக்களின் பாடலுக்கோ ஈடாக வழிபாட்டில் பயன்படுவதை அது கடுமையாக விலக்கியது. பின்னர் 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனைப் பெரிதும் மதித்துப் பேசியதுடன், பிற இசைக்கருவிகளுக்கும் வாயில் திறந்தது. அவை திருப்பணிக்குத் தக்கனவாகவும், ஆலயத்தின் மாண்புக்கு இசைந்தனவாகவும், நம்பிக்கையாளரின் உள்ளத்தை உயர்த்துவனவாகவும் இருத்தல் வேண்டும் என்றது. தபேலாவும் வயலினும் கீபோர்டும் நம் ஆலயங்களுக்குள் மதிப்புடன் அமர்ந்தது அந்த வாயிலின் வழியேதான்.

1958ஆம் ஆண்டின் விதிகளுள் பல, சங்கத்திற்குப்பின் மாறிவிட்டன. ஆயினும் அவ்வறிவுரையின் கருத்து டேப்லெட்டுக் காலத்திற்கும் பொருந்துவதாகவே நமக்குத் தோன்றுகிறது. பக்கம் திருப்பும் கருவி பாடுபவனுக்கு வேலைக்காரன். தாளத்தைக் காதில் மெல்லத் தட்டும் கருவி அவனுக்குத் துணைவன். முன்கூட்டிப் பதிந்த இசையை ஒலிபெருக்கியில் அனுப்பும் கருவியோ, பாடுபவன் இருக்கையைப் பறித்து அமர்ந்துவிடுகிறது. இம்மூன்றும் ஒரே டேப்லெட்டில், ஒரே விரல்தொடலில் கிடைப்பதனால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாம் வழுக்கிச் செல்வதை உணர்வதேயில்லை. முதலாவதைத் தயங்காமல் ஏற்கலாம். இரண்டாவதைப் பயிற்சியிலும், பெருவிழாவில் பலர் கூடி இசைக்கும் சில பாடல்களிலும் அளவோடு கொள்ளலாம். மூன்றாவது வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்து. ஐயமுற்றோர் பங்குத் தந்தையைக் கேட்டு நடப்பாராக.

காணிக்கைப் பவனியை எண்ணிப் பாருங்கள். முதியவர் ஒருவர் கோலூன்றி மெல்ல நடந்து வருகிறார். குழந்தை ஒன்று கையிலுள்ள மலரைத் தவறவிட்டுக் குனிகிறது. உயிருள்ள குழு இதைக் கண்டு மற்றுமொருமுறை பல்லவியைப் பாடும். பதிவு செய்த இசை எதையும் காணாது; மூன்று நிமிடம் முப்பது விநாடியில் அது முடிந்தே தீரும்.

இவ்வேறுபாட்டைக் காண விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் நாட்டிய விழாவிற்குச் சென்றால் போதும். பக்கத்தில் நட்டுவனார் அமர்ந்து ஆடும் பரதத்தை உற்று நோக்குங்கள். அவர் கையில் தாளம், வாயில் சொற்கட்டு, கண்ணோ ஆடுபவரின் பாதத்தில்! கடற்காற்றில் ஆடை சிக்கி ஆடுபவர் ஒரு கணம் தயங்கினால், தாளமும் அக்கணத்தைத் தாங்கிக்கொள்ளும். மிருதங்கமும் உடன் நிற்கும். ஒலிப்பதிவுக்கு ஆடுபவரோ, தயங்கினால் ஓடித்தான் பிடிக்கவேண்டும். பாடகர் குழுவின் தலைவர் நட்டுவனாரைப்போல் இருத்தல் வேண்டும். அவருடைய கண் திரையில் பதிந்துவிட்டால், பீடத்தில் குருவானவர் கை விரித்து நிற்பதை யார் பார்ப்பது?

இவற்றை மனத்திற்கொண்டு இணைப்பைச் செய்ய விரும்பும் குழுக்களுக்கு, நம் வட்டாரத்துக்குரிய சில குறிப்புகளைத் தருவோம். ஆலயத்தில் கூடியுள்ளோரின் கைப்பேசிகள் அனைத்தும் அலைகளைப் பரப்புவன. மனித உடலும் அவ்வலைகளை உறிஞ்சும் இயல்புடையது. வெற்றாலயத்தில் நன்கு இயங்கிய இணைப்பு, நிறைந்த ஆலயத்தில் தடுமாறுவது இதனாலேயே. ஆகவே யாருடைய கைப்பேசியையும் நம்பாமல், குழுவுக்கெனத் தனியே ஒரு சிறு வைஃபை ரௌட்டர் வைத்து, அதன் கடவுச்சொல்லைக் குழுவினர்க்கு மட்டும் அளித்தல் வேண்டும். இணையம் அதற்குத் தேவையில்லை. நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைவிட 5 கிகாஹெர்ட்ஸ் நலம். ஆனால் அதன் வீச்சுக் குறைவாகையால் ரௌட்டர் குழுவின் நடுவிலேயே, சற்று உயரத்தில் இருக்கட்டும். ரௌட்டருக்கு இன்வெர்ட்டர் மின்சாரம் கிடைக்க வழி செய்க. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அது விழித்தெழச் சில நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு டேப்லெட்டிலும் அழைப்பு, அறிவிப்பு ஒலிகளை முற்றும் அடக்கிவிடுங்கள். திருவுடல் எழுந்தேற்றத்தின்போது யாரோ அனுப்பிய வாழ்த்து மணியோசை எழுப்புவது எவருக்கும் அழகன்று.

கடற்கரைப் பங்குகளுக்கு வெயிலும் உப்புக் காற்றும் தனிப்பகை. ஐபேடு 35 பாகை செல்சியசு வெப்பம் வரையுள்ள சூழலுக்கே உரியது என அதன் நிறுவனம் கூறுகிறது. செங்கற்பட்டின் கோடை நண்பகல் அதனைத் தாண்டுவது நாம் அறிந்ததே. நேர்வெயிலில் வைத்த கருவி முதலில் ஒளி மங்கும். பின்னர் ‘வெப்பம் மிகுந்தது’ என்று எச்சரித்து நின்றுவிடும். கோவளம் கார்மேல் மாதா ஆலயத்தைப் போன்ற கடலோர ஆலயங்களில் பெருவிழாத் திருப்பலி திறந்தவெளியில் நடக்குமாயின், பாடகர் குழுவுக்கு நிழற்பந்தல் இன்றியமையாதது. விழா முடிந்ததும் கருவிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து உறையிலிடுதல் நலம்.

இறுதியாக, அன்றைய பாடல்களின் அச்சுப்படி ஒன்று தலைவரின் தாங்கியில் எப்போதும் இருக்கட்டும். பயிற்சியின்போது ஒருமுறையேனும், எல்லா டேப்லெட்டுகளையும் அணைத்துவிட்டு, வருகைப் பாடலை மனப்பாடமாகப் பாடிப் பாருங்கள். தேர்ப்பவனிக்கு டேப்லெட்டுகளை எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே கூட்டத்திற்குத் தெரிந்த பழைய பாடல்களே போதும்.