கண்ணை மூடு, கையை நீட்டு!

அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். விடிகாலை வெளிச்சம், அசையாத தண்ணீர், ஒல்லியான ஒரு பிளாஸ்டிக் படகு, அதில் உட்கார்ந்திருப்பவரின் இரண்டு கையிலும் செம்பு நிறத்தில் ஒரு மீன். வாலடியில் கறுப்புப் பொட்டு. டெக்சஸ் கடற்கரையில் மீன்பிடிக் கயாக் வைத்திருப்பவர்களிடம் இப்படி ஒரு படமாவது இருக்கும். இப்போது மீனை விட்டுவிட்டுப் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் விறைப்பாக நிற்கும் தூண்டில் கம்புகள், முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கும் இடுக்கி, படகின் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கயிறு, மேலே படபடக்கும் ஆரஞ்சுக் கொடி. இதெல்லாம் எப்படி அங்கே வந்து உட்கார்ந்தது? வாங்க, உள்ளே போய்ப் பார்க்கலாம். மீன் பிடிப்பதில் பாதி சுகம் இந்தத் திரைமறைவு வேலையில்தான் இருக்கிறது!

ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லேண்டில் என் அண்ணன் வீடு. அண்ணன் மகள் தன் முதல் மீன்பிடிக் கயாக்கை வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும், ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே இருப்பேன் என்று அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். "சித்தப்பா, பழைய சட்டை போட்டுட்டு வாங்க. பசை ஒட்டினா போகாது" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

முதலில் கடை. முன்பக்கம் பளபளப்பாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கக் கிடங்கு. ஆரஞ்சு, பச்சை, மணல் நிறம் என்று கூரை வரை அடுக்கிய படகுகள், நாற்காலிகூடப் பொருத்தாமல் வெற்றுடம்பாக. இவை பிறக்கும் விதமே ஒரு வேடிக்கை. படகு வடிவிலான அலுமினிய அச்சுக்குள் பாலிஎதிலீன் பொடியைக் கொட்டி மூடி, பெரிய அடுப்புக்குள் தள்ளி இரண்டு திசையில் சுழற்றுகிறார்கள். ஆப்பச்சட்டியைச் சுழற்றினால் மாவு ஓரமெல்லாம் ஏறிப் பிடித்துக்கொள்ளுமே, அதே மாதிரி உருகிய பொடி அச்சின் உட்சுவர் முழுக்கப் படிகிறது. ஆறியதும் திறந்தால், ஒட்டோ தையலோ இல்லாத ஒரே துண்டுப் படகு. உள்ளே வெறும் காற்று. அந்தக் காற்றை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வேலை வருகிறது.

காலை உள்ளே நுழைத்து உட்காரும் கயாக், வடதுருவத்து இனுயிட் மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகின் வழிவந்தது. மீன்பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் தேடுவது மேலே உட்கார்ந்து ஓட்டும் இன்னொரு வகையை. 1971-இல் கலிபோர்னியாவின் மலிபு கரையில் டிம் நீமியர் இப்படி ஒன்றைச் செய்தார். அதிலிருந்து ஓஷன் கயாக் என்ற நிறுவனமே எழுந்தது. இந்த வகையில் தளத்திலிருந்து அடிவயிறு வரை ஊடுருவிப்போகும் துளைகள் இருக்கும். அலை ஏறினாலும் தண்ணீர் தானாகவே இறங்கிவிடும், கோப்பை வைத்து இறைக்க வேண்டியதில்லை.

அடுத்து, துடுப்பா பெடலா? 1997-இல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் கருவியைக் கொண்டுவந்தது. அடியில் இரண்டு தகடுகள் இடமும் வலமும் வீசும், கை இரண்டும் தூண்டிலுக்கே மிச்சம். ஆசையாகத்தான் இருந்தது! ஆனால் பெடல் படகு பெரும்பாலும் 2,000 டாலருக்கு மேல், எடையும் 100 பவுண்டைத் தாண்டும். முதல் படகு துடுப்புப் படகாகவே இருக்கட்டும் என்பது என் தீர்மானமான கருத்து. தண்ணீரும் காற்றும் படகை என்ன செய்கின்றன என்பதைத் தோள்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். அவளும் அதையே நினைத்திருந்தாள்.

கடைசியில் வாங்கியது பழைய படகு ஒன்றை. 12 அடி நீளம், 32 அங்குல அகலம், மணல் நிறம். பழைய கயாக்கைப் பார்க்கப் போகிறவர்கள் டார்ச் லைட் கொண்டுபோக வேண்டும். கவிழ்த்துப்போட்டு முதலில் அமரத்தைப் பாருங்கள். தரையில் இழுத்தே பழகியவர் கையில் இருந்திருந்தால் பின்முனை தேய்ந்து மெலிந்திருக்கும். பிறகு ஒவ்வொரு வடிதுளைக்குள்ளும் வெளிச்சம் அடித்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். படகின் பாரம் விழுவதும், தள்ளுவண்டிக் கம்பி குத்துவதும் அங்கேதான். அடியில் ஒரு சொட்டை இருந்தது. விற்றவர் சிரித்துக்கொண்டே வெயிலில் கவிழ்த்துப் போடச் சொன்னார். மதியத்துக்குள் 'டொப்' என்று தானே நிமிர்ந்தது, நாங்கள் மூவரும் கைதட்டினோம்!

இனி கேரேஜ். கார்களுக்கு வெளியே போகச் சொல்லியாயிற்று. தரையில் பழைய கம்பளம், அதன் மேல் படகு. டிரில்லை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தது நீல நிற மாஸ்கிங் டேப்!

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள், தொப்பி வைத்தாள், தண்ணீருக்குப் போகும் அதே செருப்போடு படகில் ஏறி உட்கார்ந்தாள், துடுப்பை மடியில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப நீங்க ஒவ்வொரு சாமானா பேரு சொல்லுங்க சித்தப்பா. என் கை எங்க போகுதோ அங்க டேப் ஒட்டுங்க."

"இடுக்கி!" வலது கை முழங்காலுக்குச் சற்று முன்னால் போய் நின்றது. ஒட்டினேன்.

"கத்தி!" கை நெஞ்சுக்கு வந்தது. அப்படியானால் கத்தி படகில் இல்லை, ஜாக்கெட்டில். கயிறு சிக்கித் தண்ணீரில் விழுந்தால் படகில் இருக்கும் கத்தியால் என்ன பயன்?

"தண்ணி பாட்டில்! விசில்! வலை!" கை பறந்தது, டேப் பறந்தது, சிரிப்புத் தாங்கவில்லை. அணியத்திலிருந்து அமரம் வரை படகு முழுக்க நீலத் துண்டுகள்.

விளையாட்டு மாதிரித் தெரிந்தாலும் முழு ஏற்பாட்டுக்கும் இதுதான் அடிப்படை. கயாக்கில் எழுந்து நடக்க முடியாது, உடம்பை முழுக்கத் திருப்பினால் ஆடும். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற வட்டம்தான் உங்கள் மொத்தக் கப்பல். வட்டத்துக்கு வெளியே இருப்பது கரையில் இருக்கிற மாதிரிதான்.

அடுத்துக் காற்றில் துடுப்பு வலித்துக் காட்டினாள். இடது பக்கம் கம்பு நிறுத்தக் குறித்திருந்த இடத்தில் விரல் முட்டி இடித்தது. டேப் ஆறு அங்குலம் பின்னால் போனது. கடைசிச் சோதனைக்குக் கீழே இறங்கி, படகுக்கு வெளியே நின்று, நாற்காலிக்குப் பக்கவாட்டு விளிம்பின் மேல் குப்புறச் சாய்ந்தாள். கவிழ்ந்தால் திரும்ப ஏறும் வாசல் அது. வயிறு படுகிற இடத்தில் இருந்த டேப்பையெல்லாம் உரித்தெறிந்தாள். அந்த இடத்தில் ஒரு கொக்கிகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அதற்கப்புறம்தான் டிரில். முதலில் சின்ன ஓட்டை, பிறகு சரியான அளவு. பாலிஎதிலீன் சுருள்சுருளாக வந்து விழுகிறது, பார்க்கப் பார்க்க ஆசை! மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டு எட்டுகிற இடமாக இருந்தால் போல்ட், வாஷர், நைலான் நட்டு. எட்டாத இடத்துக்கு ஒரு மாய ரிவெட் இருக்கிறது: வெளியிலிருந்து இழுத்தால் உள்ளே மூன்று இதழாக விரிந்து பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஓட்டைக்கும் கடல் வேலைக்கான சீலன்ட். வெறும் பசையை நம்பிப் பயனில்லை, பாலிஎதிலீன் எதையும் லேசில் ஒட்டவிடாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை என்று போட்டுக்கொண்டே போகாமல் இருக்கத் தண்டவாளம் மாதிரி ஒரு பட்டை விற்கிறார்கள். வர்ஜீனியாவின் யாக்அட்டாக் நிறுவனத்துப் பட்டைகளைப் பல படகுகளில் பார்க்கலாம். அதை ஒருமுறை பதித்துவிட்டால் கம்புத் தாங்கியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். முதல் படகுக்கு இது வரம். எது எங்கே வேண்டும் என்பதில் பாதி தண்ணீரில் இறங்கிய பிறகுதான் தெரியவரும்.

நான் மயங்கியது நங்கூர ஏற்பாட்டில். நங்கூரம் சின்னதுதான், மடக்கி வைக்கலாம், 3 பவுண்டு. அதை எங்கே கட்டுவது? நாற்காலிப் பக்கத்தில் கட்டினால் கைக்கு வாகு. ஆனால் நீரோட்டம் படகின் விலாவில் மோதி, இழுத்துச் சாய்த்துக் கவிழ்த்துவிடும். அணியத்தில் கட்ட வேண்டும், அல்லது அமரத்தில். இரண்டுமே கைக்கு எட்டாத இடம். இந்தப் புதிருக்கு எவ்வளவு அழகான விடை பாருங்கள்! முன்முனையில் ஒரு கப்பி, பின்முனையில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி விளிம்போரமாக ஒரு கயிற்று வளையம், அதில் ஒரு இரும்பு வளையம். நங்கூரக் கயிற்றை உட்கார்ந்தபடியே அந்த வளையத்தில் மாட்டி, சுற்றுக் கயிற்றை இழுத்தால் நங்கூரப் பிடி தானே ஊர்ந்து முனைக்குப் போய்விடும். காற்று மாறினால் மறுபக்கம் இழுக்க வேண்டியதுதான். கேரேஜில் அந்த வளையத்தை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், அலுக்கவே இல்லை. என் அண்ணன் வந்து, "விடுடா, கயிறு தேஞ்சிடும்" என்றார்.

பின்பக்கம் ஒரு பால் கிரேட். ஆயிரக்கணக்கில் செலவழித்த படகுகளிலும் இந்தச் சதுரப் பெட்டிதான் ராஜா. மூன்று பிவிசி குழாய்த் துண்டுகளை ஜிப் டை போட்டு நிறுத்தினால் கம்புகளுக்கு இடம். உள்ளே தூண்டில் முள் டப்பாக்கள். காலடியில் இவா ஃபோம் விரிப்பு, ஏனென்றால் முழங்கால் ஆழத் தண்ணீரில் செருப்புச் சத்தம் மீனுக்குக் கேட்டுவிடும். அளவுப் பலகைக்கு ஒரு கட்டுக்கயிறு. அந்தச் செம்பு நிற மீன், ரெட்ஃபிஷ், 20 முதல் 28 அங்குலத்துக்குள் இருந்தால் டெக்சஸில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஒரு நாளைக்கு 3. நம் ஊர்க் கத்தாழையின் குடும்பம்தான் அது, கையில் பிடித்தால் காற்றுப்பையை அதிரவைத்து உறுமும்! 1981-இலேயே டெக்சஸ் இதன் வணிகப் பிடிப்பை நிறுத்திவிட்டது. தூண்டிலுக்கு மட்டுமே உரிய மீன்.

மீனைக் காட்டும் மின்திரை வாங்கவில்லை. கிறிஸ்மஸ் பே மாதிரி, கடற்புல் படர்ந்த ஆழமில்லாத விரிகுடாக்களில் ரெட்ஃபிஷ் தலையை மண்ணில் புதைத்து மேயும்போது வாலே வெளியில் தெரியும். அதைப் பார்க்க நல்ல வெயில் கண்ணாடி போதும். அந்தக் காசு 250 செ.மீ. நீளத் துடுப்புக்குப் போனது. நாற்காலி உயரம், படகு அகலம். குட்டைத் துடுப்பு தண்ணீரைத் தொடவே திணறும். லேசான துடுப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரையும் தோள் மறுநாள் திருப்பித்தரும். கொடி, இருட்டுக்கு வெள்ளை விளக்கு, உரிமம், உப்புநீர் அனுமதி, இவை சட்டுபுட்டென்று முடிந்தன. மோட்டார் மாட்டாதவரை கயாக்கைப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

இப்போது படகின் வயிற்றுக்குள் இருக்கும் அந்தக் காற்று! படகுக்குள் தண்ணீர் புகுந்தால் அது ஒரு பக்கமாக ஓடித் திரண்டு படகையே சாய்க்கும். அதனால் நீச்சல்குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொண்டு மிதக்கும் நீளமான ஃபோம் குழல்களை வாங்கிவந்து, மூடி வழியாக உள்ளே திணித்தோம். ரோஸ், மஞ்சள், பச்சை. உள்ளே ஃபோம் அடைத்திருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வர முடியாது. வெளியே மணல் நிறத்தில் அடக்கமாக நிற்கும் படகின் வயிற்றுக்குள் இத்தனை வண்ணம் என்பது எங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம், இப்போது உங்களுக்கும்.

வார்ப்பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் கார் கூரையில் காற்று ஊளையிடாது என்பதைத் தண்ணீருக்குப் போகும் வழியில் கற்றுக்கொண்டேன். கால்வெஸ்டன் தீவின் விரிகுடாப் பக்கம், மணல் அடி, இடுப்பளவு தண்ணீர், கிளிஞ்சல் குத்தாத செருப்பு. தூண்டில் ஒன்றையும் கொண்டுபோகவில்லை. கம்புகளுக்குப் பதில் மூங்கில் குச்சிகள், பெட்டிக்குள் காலி டப்பாக்கள். இன்று ஒத்திகை மட்டும்.

ஏறி உட்கார்ந்தாள். நான் விளிம்பைப் பிடித்தேன். "தள்ளுங்க சித்தப்பா!" தள்ளினேன். படகு மெதுவாகச் சாய்ந்து, பிறகு ஒரேயடியாகப் புரண்டது. அடிவயிறு வானத்தைப் பார்த்தது. அவள் தலை அந்தப் பக்கம் எழுந்தது, வாயெல்லாம் சிரிப்பு. வடிதுளையில் விரலைவிட்டுப் படகைப் புரட்டி நிமிர்த்தினாள். நாற்காலிப் பக்கம் வந்தாள், இரண்டு கையையும் குறுக்கே நீட்டினாள், காலை உதைத்தாள், வயிறு ஏறியது. ஒன்றும் குத்தவில்லை, ஒன்றும் தடுக்கவில்லை! புரண்டு மல்லாந்து, எழுந்து உட்கார்ந்தாள். துளைகள் வழியாகத் தண்ணீர் குடகுடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டி இருந்தது, குச்சிகள் இருந்தன, நங்கூரக் கயிறு சிக்கவில்லை, துடுப்பு கட்டுக்கயிற்றில் பக்கத்திலேயே மிதந்தது.

கண்ணை மூடினாள். "பேரு சொல்லுங்க!"

"இடுக்கி!"

ஈரக்கை நேராகப் போய் அதைப் பிடித்தது.

"சித்தப்பா, இந்தத் தடவை அந்தப் பக்கமா கவுக்கலாமா?"