பணிப்பட்டையும் குறுக்குவழியும்

கணினித் திரையின் அடியில் நீண்டு கிடக்கும் பட்டைக்குப் பணிப்பட்டை என்று பெயர். 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் திகதி வெளியான விண்டோஸ் 95 அதனைப் பெருவழக்கிற்குக் கொணர்ந்தது. திறந்திருக்கும் வேலைகள் யாவை என்பதை ஒரே பார்வையிற் காட்டுவதே அதன் முதல் நோக்கமாகும். நாள்தோறும் வேண்டப்படும் செயலிகளின் சின்னங்களை அதிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கும் வசதி, 2009இல் வந்த விண்டோஸ் 7உடன் சேர்ந்தது.

பொருத்தும் முறை எளிது. திறந்திருக்கும் செயலியின் சின்னத்தைப் பட்டையிற் கண்டு, அதன்மேற் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் அதற்குரிய கட்டளை தோன்றும். பொருத்தியவற்றை இழுத்து முன்பின்னாக அடுக்கலாம். விண்டோஸ் விசையுடன் 1ஐ அழுத்தின் முதலாவதும், 2ஐ அழுத்தின் இரண்டாவதும் திறக்கும். ஆதலால் அடுக்கும் ஒழுங்கிலும் பயன் உண்டு. எல்லாவற்றையும் பொருத்தி வைப்போர் மீண்டும் தேடி அலைய நேரும்; ஐந்தாறே போதும்.

திரையில் வைக்கப்படும் குறுக்குவழி, பொருள் அன்று. பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லும் விலாசம் மாத்திரமே. அதன் மூலையிலுள்ள சிறு அம்புக்குறி இதனை உணர்த்தும். விலாசச் சீட்டைக் கிழிப்பதால் வீடு இடிவதில்லை. குறுக்குவழியை அழிப்பதாற் செயலியும் அழிவதில்லை. எனினும், சீட்டைச் சுமந்தவன் வீட்டைச் சுமந்தவன் ஆகான். கட்டுரையின் குறுக்குவழியை மட்டும் பென் டிரைவிற் பிரதிசெய்து செல்லும் மாணவன், பிறிதொரு கணினியின் முன் வெறுங்கையனாய் நிற்பான். புறப்படுமுன் அம்புக்குறி உண்டா என நோக்குதல் அவனைக் காக்கும்.